மாதம் ஒரு பென்னி: தானியேல் ஓகானல் சரித்திரம்

அயர்லாந்து தேசத்துக் கெர்ரி மாவட்டத்தில் 1775-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி பிறந்தவர் தானியேல் ஓகானல். அத்தேசத்து ஜனங்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். நிலமும் அதிகாரமுமோ பெரும்பாலும் புரொட்டஸ்டாண்டு பிரபுக்கள் கையில் இருந்தன. 1793 முதல், வருஷம் நாற்பது ஷில்லிங் பெறுமான நிலப்பாத்தியம் உள்ள கத்தோலிக்கன் வோட்டுப் போடலாம் என்றாயிற்று. ஆனால் பார்லிமெண்டில் உட்கார முடியாது. அங்கே நுழைகிறவன், பூசைப்பலியும் தேவமாதாவை நோக்கி மன்றாடுவதும் விக்கிரக ஆராதனையே என்று பிரமாணம் செய்தாக வேண்டும். எந்தக் கத்தோலிக்கனுக்கு இதற்கு நாவு எழும்பும்?

ஓகானல் பிரான்சில் கல்வி கற்று, 1798-ல் வக்கீலானார். வாதத்திறமையில் புகழ் பெற்றும், அரசாங்கத்தின் உயர்ந்த வக்கீல் பதவிகள் இவருக்குக் கிட்டவில்லை, காரணம் மதந்தான். குறையற்ற மனிதர் என்றும் சொல்வதற்கில்லை. 1815-ல் துவந்த யுத்தத்தில் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். அந்தத் துக்கம் சாகுமட்டும் அவரை விடவில்லை. இறந்தவரின் மகளுக்கு வருஷந்தோறும் பணம் அனுப்பி வந்தார். பிற்காலத்தில் அவர் நடத்திய கிளர்ச்சிகளில் ஒரு துளி இரத்தமும் சிந்தலாகாது என்று பிடிவாதமாய் நின்றதை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.

1823-ல் டப்ளின் நகரில் கத்தோலிக்க சங்கத்தை ஏற்படுத்தினார். சந்தா வருஷத்துக்கு ஒரு கினி, அதாவது இருபத்தொரு ஷில்லிங். ஏழைக் குடியானவன் எங்கே போவான்? கூட்டத்துக்குப் பத்துப் பேர் சேராமல் பல நாள் கலைய நேர்ந்தது. 1824 பிப்ரவரியில் ஒரு நாள் எண்ணிக்கை குறையவே, ஓகானல் கீழேயிருந்த புத்தகக் கடைக்கு ஓடி, அங்கு நின்ற மேய்நூத் குருமடத்து இளங்குருக்கள் இருவரைக் கையோடு மேலே அழைத்து வந்தாராம். குருக்களுக்குச் சந்தா இல்லாமலே அங்கத்தினர் உரிமை உண்டு! அன்று அவர் கொண்டுவந்த யோசனை: மாதம் ஒரு பென்னி கொடுப்பவனும் சங்கத்தைச் சேர்ந்தவன்.

பங்கு பங்காய், கோவில் வாசலிலே பென்னி வசூலாயிற்று. நம் கோவில் வாசலில் தட்டோடு நிற்கிறவர்களுக்கு அந்த வேலையின் சிரமம் தெரியும். பார்லிமெண்டுக்கு மனுக்கள், ஏழைகளுக்காகக் கோர்ட்டு வழக்குகள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் அப்பணத்தின் செலவு. ஆனால் எனக்குப் பணத்தைவிடப் பெரிதாய்ப்படுவது வேறு. அதுவரை தர்மம் வாங்கியே பழகின மனிதன், கொடுத்தவன் என்கிற பாத்தியதையோடு கூட்டத்திலே வந்து நின்றான். 1825-ல் அரசாங்கம் சங்கத்தைத் தடை செய்தது. வக்கீல் அல்லவா, சட்டத்தில் சந்து கண்டு, வேறு நோக்கங்களை எழுதிப் புதிய சங்கமாய் மறுபடி நடத்தினார்.

1828-ல் கிளேர் தொகுதியில் தாமே தேர்தலுக்கு நின்றார். பார்லிமெண்டில் உட்கார முடியாத கத்தோலிக்கன் தேர்தலில் நிற்கக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அக்காலத்தில் வோட்டு இரகசியமன்று. நிலப்பிரபுவின் ஆட்கள் பார்க்க, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாறிச் சொன்னவனை நிலத்தை விட்டுத் துரத்தலாம். குடியானவர்கள் தங்கள் குருக்களோடு எனிஸ் நகருக்கு அணியணியாய் நடந்தார்கள். தேர்தல் முடியுமட்டும் விஸ்கியைத் தொடுவதில்லை என்பது கட்டளை. ஓகானலுக்கு 2,057, எதிரிக்கு 982. உள்நாட்டுக் கலகத்துக்கு அஞ்சிய மந்திரிசபை 1829 ஏப்ரல் 13-ல் கத்தோலிக்க விடுதலைச் சட்டத்தை நிறைவேற்றியது. பழைய பிரமாணத்தை மறுத்துத் திரும்பிய ஓகானல், மறுபடியும் தெரிந்தெடுக்கப்பட்டு, 1830-ல் உள்ளே போனார்.

ஆனால் அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர் யார்? சட்டத்தோடு கூடவே நாற்பது ஷில்லிங் வோட்டுரிமை பத்துப் பவுனாக உயர்த்தப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கு மேலிருந்த வாக்காளர் நாற்பதினாயிரத்துக்கும் கீழே குறைந்தார்கள். பிரபுவின் முகத்துக்கு நேரே வோட்டுச் சொன்ன அதே குடியானவன் வெளியே நிறுத்தப்பட்டான். ஓகானல் ஆட்சேபித்தார்; தடுக்க முடியவில்லை. இந்த இடத்தில் அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

பார்லிமெண்டில் தம் மதத்தாருக்காக மட்டும் அவர் பேசவில்லை. யூதருக்குச் சம உரிமை கேட்டார். அமெரிக்க நீக்ரோ அடிமைகளுக்காக அவர் கடிந்து பேசியதால், அவருக்குப் பணம் அனுப்பிய அத்தேசத்துச் சங்கங்கள் சில கலைந்துபோயின. அதற்காக அவர் வாயை மூடவில்லை.

1847-ல், பஞ்சத்தில் மடியும் ஜனங்களுக்காகத் தளர்ந்த குரலில் பார்லிமெண்டில் கடைசியாய் மன்றாடிவிட்டு, ரோமாபுரிக்குப் பயணப்பட்டார். வழியில் ஜெனோவாவில் மே 15-ந் தேதி இறந்தார். இருதயம் ரோமைக்குப் போயிற்று. சரீரம் டப்ளினில் கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாயிற்று. கத்தோலிக்கரின் குழியருகே குருவானவர் ஜெபம் சொல்லவும் தடையிருந்த ஊரிலே, எந்த மதத்தாரும் அடக்கமாகலாம் என்று 1832-ல் அவருடைய முயற்சியால் திறக்கப்பட்ட தோட்டம் அது.