உபகாரச் சம்பளத்தை இழந்தவர், ஏழைப் பிள்ளைகளுக்காகக் கேட்டவர்: கணிதமேதை இராமானுஜன்

திரிங்காப் - கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில் உள்ள சிற்றூர் திரிங்காப். விடியற்காலைக் குளிரில் பெற்றோர் தேயிலை மலைக்கும் காய்கறித் தோட்டத்திற்கும் கிளம்பும் அதே வேளையில் பிள்ளைகள் பள்ளி வேனுக்குக் காத்து நிற்கிறார்கள். எஸ்பிஎம் முடிவுகள் வெளிவந்ததும் இப்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் எழும் கேள்வி ஒன்றுதான். மேலே படிக்கப் பணம் எங்கிருந்து வரும்? ஒரு பாடத்தில் புள்ளி குறைந்துவிட்டால் உபகாரச் சம்பளம் கிடைக்குமா? கடல் கடந்து போய்ப் படிக்க நமக்கெல்லாம் வழி உண்டா?

நூறாண்டுகளுக்கு முன்பு இதே கேள்விகளோடு கும்பகோணத்தில் ஓர் ஏழைக் குடும்பம் தவித்தது. அந்த வீட்டுப் பிள்ளைதான் கணிதமேதை சீனிவாச இராமானுஜன். அவருடைய கணிதத்தை உலகமே பேசுகிறது. அவருக்குக் கிடைத்த, கிடைக்காமல் போன உபகாரச் சம்பளங்களின் கதையைத் தெரிந்தவர்கள் குறைவு.

துணிக்கடைக் கணக்கரின் மகன்

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடிச் சிறு வருமானம் ஈட்டினார். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த சிறிய வீட்டில்தான் அவர் வளர்ந்தார்.

1897-இல் நடந்த தொடக்கநிலைத் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். மறு ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். ஏறக்குறைய பதினாறு வயதில், ஜி.எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான கணித முடிவுகளைப் பெரும்பாலும் விளக்கமின்றி வரிசையாகத் தந்த தேர்வு வழிகாட்டி நூல் அது. ஒவ்வொரு முடிவும் எப்படி வந்தது என்று தாமே கண்டுபிடிக்க முயன்ற அந்தப் பையன், அதிலிருந்து புதிய முடிவுகளை நோக்கி நகர்ந்தான்.

கையைவிட்டுப் போன முதல் உதவி

1904-இல் பள்ளிப் படிப்பைச் சிறப்பாக முடித்தவருக்குக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளம் கிடைத்தது. குடும்பமே மகிழ்ந்தது. ஆனால், கணிதத்தைத் தவிர வேறு எதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலம், உடலியல், வரலாறு என எல்லாப் பாடங்களின் நேரத்தையும் கணிதமே எடுத்துக்கொண்டது. மற்றப் பாடங்களில் தவறியதால் உபகாரச் சம்பளம் நிறுத்தப்பட்டது.

அது இல்லாமல் கல்லூரியில் தொடரக் குடும்பத்துக்கு வசதியில்லை. 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை போய்விட்டார். அடுத்த ஆண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் சேர்ந்தார். அங்கும் அதே கதைதான். 1906-இல் தேறவில்லை, 1907-இல் தனித்தேர்வராக எழுதியும் தேறவில்லை. பட்டமில்லாத இளைஞருக்கு வேலையும் இல்லை. 1909-இல் ஜானகியை மணந்தபோது அவருக்கு வருமானம் என்று ஒன்றும் இருக்கவில்லை. கையில் இருந்தவை கணிதம் நிறைந்த நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே.

கதவைத் தட்டிய ஆண்டுகள்

அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். 1910-இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரைச் சந்தித்து ஓர் எழுத்தர் வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டைப் புரட்டிய இராமசாமி ஐயர், இப்படிப்பட்டவரைத் தாலுகா அலுவலகத்தில் உட்கார வைப்பது முறையல்ல என்று கருதி, சென்னையிலிருந்த கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். அந்த வழியில் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்துச் சில காலம் தாங்கினார். 1911-இல் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

பிறர் பணத்தில் நெடுநாள் இருக்க அவருக்கு மனமில்லை. 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். வேலை முடிந்த பின் இருவரும் பலகையில் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காதுக்கும் இந்த எழுத்தரின் திறமை எட்டியது.

மலேசியத் தமிழர்களுக்கு அந்தக் காலம் அந்நியமானதல்ல. இராமானுஜன் துறைமுகத்தில் கணக்கு எழுதிய அதே ஆண்டுகளில்தான் சென்னையிலிருந்தும், அவருடைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த நாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் பினாங்கு நோக்கிக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தனர்.

விதி பெரிதா, திறமை பெரிதா?

1913 ஜனவரியில் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஜி.எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தாம் ஆண்டுக்கு 20 பவுண்டு வாங்கும் எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்பதையும் மறைக்காமல் சொல்லி, நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்களை இணைத்திருந்தார். அதற்கு முன் வேறு இரு கேம்பிரிட்ஜ் அறிஞர்களுக்கு எழுதிப் பயனில்லாமல் போயிருந்தது. ஹார்டி அக்கடிதத்தைத் தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து ஆராய்ந்தார். இது ஏமாற்று வேலையல்ல, அரிய மேதை ஒருவரின் கைவண்ணம் என்ற முடிவுக்கு வந்து பதில் எழுதினார்.

இங்கேதான் ஒரு சிக்கல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் பெற முதுகலைப் பட்டம் வேண்டும். இராமானுஜனிடம் இளங்கலைப் பட்டம்கூட இல்லை. வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் நோட்டுகளைப் பார்த்துவிட்டு, இவரைக் கவலையின்றி ஆராய்ச்சி செய்ய விடவேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். பல்கலைக்கழகத்தின் நோக்கங்களுள் ஆராய்ச்சியை வளர்ப்பதும் ஒன்று என்ற சட்ட வாசகம் ஆட்சிக் குழுவில் எடுத்துக்காட்டப்பட்டது. விதி தளர்ந்தது. 1913 மே மாதம் முதல் ஈராண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் வழங்க முடிவானது. துறைமுகச் சம்பளத்தைவிட இரண்டரை மடங்கு அது. நிபந்தனை ஒன்றே ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை தரவேண்டும். கல்லூரித் தேர்வுகளில் தவறியவர் அந்த அறிக்கைகளை ஒழுங்காகக் கொடுத்தார்.

கடல் கடக்க வந்த உதவி

ஹார்டி அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். கடல் கடந்தால் சாதி விலக்கு என்று நம்பிய காலம். குடும்பமும் உறவும் தடுத்தன. 1914 தொடக்கத்தில் சென்னைக்கு விரிவுரையாற்ற வந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் இ.எச். நெவில், இராமானுஜனை நேரில் கண்டு பேசினார். குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயாரே மகனின் பயணத்துக்கு வழிவிடச் சொன்னதாகத் தாய் கனவு கண்டார் என்பது அக்குடும்பத்தின் நம்பிக்கை. எப்படியோ, தாயின் சம்மதம் கிடைத்தது.

பணத்துக்கும் நெவில்தான் பேசினார். பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதினார். ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் ஆதரவும் சேர்ந்தது. ஆண்டுக்கு 250 பவுண்டு உபகாரச் சம்பளம் ஈராண்டுகளுக்கு முடிவாகி, பின்னர் ஐந்தாண்டுகள் வரை நீட்டிக்கப்பட்டது. அதில் ஆண்டுக்கு 50 பவுண்டைக் கும்பகோணத்துக் குடும்பத்துக்குக் கொடுக்க ஏற்பாடானது. பிறகு டிரினிட்டி கல்லூரியும் 60 பவுண்டு தந்தது.

1914 மார்ச் 17-ஆம் தேதி நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் கப்பல் அது. பின்னாளில் நம் தாத்தா பாட்டிகள் பலரை இந்நாட்டுக்கு ஏற்றி வந்த ரஜூலாவும் அதே நிறுவனத்தின் கப்பல்தான். புறப்படுமுன் குடுமியை எடுத்து, கோட்டு அணியப் பழகினார். அந்தக் கோலத்தைத் தாயும் மனைவியும் பார்க்க வேண்டாமென்று அவர்கள் முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பப்பட்டிருந்தனர்.

குளிரும் பசியும்

ஏப்ரல் 14-ஆம் தேதி இலண்டன் சேர்ந்தார். சில மாதங்களில் முதல் உலகப் போர் வெடித்தது. கேமரன் மலைக் குளிரில் வாழ்பவர்களுக்கு அவர் பட்ட பாடு எளிதில் புரியும். இரவில் குளிர் தாங்காமல் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்தார். போர்வைகளுக்கு உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அங்கு படித்துக்கொண்டிருந்த வங்க மாணவர் மகலனோபிஸ்தான் போர்வையை விலக்கிக் காட்டினார். பின்னர் இந்தியாவின் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞரானவர் அவர்.

இராமானுஜன் சைவ உணவை விடவில்லை. அறையிலேயே தாமே சமைத்தார். போரினால் காய்கறியும் ஊர்ச் சாமான்களும் கிடைப்பது அரிதானது. நினைத்த நேரத்தில் சமைத்து, பல வேளை சாப்பிடாமலே கணக்கில் மூழ்கினார். உபகாரச் சம்பளம் கட்டணத்தையும் அறை வாடகையையும் பார்த்துக்கொண்டது. வேளைக்குச் சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் ஆளில்லை.

இத்தனைக்கும் நடுவே வேலை நடந்தது. 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் இளங்கலைப் பட்டம் பெற்றார். 1918-இல் ஹார்டியுடன் சேர்ந்து, ஓர் எண்ணை எத்தனை வகையாகப் பிரித்துக் கூட்டலாம் என்பதற்கான சூத்திரத்தை வெளியிட்டார். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாக எழுதலாம். 200 என்ற எண்ணுக்கோ இந்த எண்ணிக்கை 3,972,999,029,388. ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. அவர்களின் சூத்திரம் அந்த விடையைத் தந்தது.

1917-இலேயே நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. மருத்துவமனை, ஆரோக்கிய நிலையம் என்று மாறி மாறிக் கிடந்தார். தனிமை முற்றி, 1918 தொடக்கத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்று காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டு இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினர் ஆனார். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்வு பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமையும் வந்தது. வெளியே புகழ் உயர்ந்த அதே மாதங்களில் உள்ளே உடல் தேய்ந்துகொண்டிருந்தது.

அவர் கேட்ட உதவி

ஊர் திரும்பும் வேளையில், சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு வீதம் ஐந்தாண்டுகளுக்கு உதவித்தொகை தர முன்வந்தது. 1919 ஜனவரியில், நோயிலிருந்து முழுதும் மீளாத நிலையில், அவர் பதிவாளருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். இந்தத் தொகை தம் தேவைக்கு மிக அதிகம் என்று அதில் தெரிவித்தார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு போகட்டும், தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதைக் கல்விக்கே பயன்படுத்தலாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் அது உதவவேண்டும் என்பது அவர் விருப்பம்.

கட்டணம் கட்ட வழியின்றிக் கல்லூரியைவிட்டு வெளியேறிய பையன், பதினான்கு ஆண்டுகள் கழித்து எழுதிய கடிதம் அது.

1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஜனவரியில்கூடப் புதிய கண்டுபிடிப்பு ஒன்றை ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32. இளம் மனைவி ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து தம் காலில் நின்று, 1994 வரை வாழ்ந்தார்.

இன்றைய பிள்ளைகளுக்கு

இராமானுஜனுக்காக ஒருமுறை தளர்த்தப்பட்ட விதி, இன்று உலகில் பல திட்டங்களாக வளர்ந்திருக்கிறது. 1951-இல் தொடங்கிய கொழும்புத் திட்டம், 1959-இல் முடிவாகி மறு ஆண்டு முதல் மாணவர்களை அனுப்பிய காமன்வெல்த் உபகாரச் சம்பளம் போன்றவை வளரும் நாடுகளின் மாணவர்களுக்கு வெளிநாட்டுக் கல்லூரிகளைத் திறந்துவிட்டன. இத்தாலியின் திரியெஸ்தே நகரில் பாகிஸ்தான் அறிவியலாளர் அப்துஸ் சலாம் 1964-இல் நிறுவிய அனைத்துலக இயற்பியல் மையம், வளரும் நாடுகளில் இருந்தபடியே ஆராய்ச்சி செய்யும் 45 வயதுக்குட்பட்ட கணித அறிஞர்களுக்கு 2005 முதல் ஒரு பரிசு வழங்குகிறது. அதன் பெயர் இராமானுஜன் பரிசு.

திரிங்காப் போன்ற ஊர்களின் பெற்றோரும் ஆசிரியர்களும் இந்த வாழ்க்கையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒரு பாடத்தில் மேதையாக இருந்தாலும் மற்றப் பாடங்களைக் கைவிட்டால் முதல் கதவு மூடிக்கொள்ளும் என்பதை அவர் பட்ட துன்பமே காட்டுகிறது. மூடிய கதவு மறுபடி திறந்ததற்குக் காரணம், அவர் தம் நோட்டுகளை எடுத்துக்கொண்டு தயங்காமல் போய்க் கேட்டதும், பார்த்தவர்கள் அவருக்காகக் கடிதம் எழுதியதும்தான். பாரம் நிரப்பவும் பரிந்துரைக் கடிதம் எழுதவும் ஓர் ஆசிரியர் ஒதுக்கும் ஒரு மாலைப் பொழுது வீண் போகாது. வெளியூரில் படிக்கும் பிள்ளைக்குப் பணம் போனால் மட்டும் போதாது, வாரத்துக்கு ஒருமுறையாவது வீட்டுக் குரலும் போகவேண்டும்.

படித்து மேலே வந்தவர்களுக்கு அவர் வைத்துப்போன பாடம் வேறு. நோய்ப்படுக்கையிலிருந்தவருக்கும் தமக்குப் போதும் என்று சொல்லி, மிச்சத்தை அடுத்த பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குத் தரச்சொல்ல மனம் இருந்தது.