கணக்கில் ஃபெயிலானவர் தொடங்கிய நூலகம்

பெஞ்சமின் ஃபிராங்க்ளின்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? இடி மழையில் பட்டம் விட்டவர், இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர். அவர் ஒரு வாசகர் வட்டம் நடத்தினவர் என்பது தெரியுமா?

1706-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். அப்பா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்பவர். அவருக்கு மொத்தம் 17 பிள்ளைகள்! அதனால் ஃபிராங்க்ளின் பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். அதிலும் கணக்கில் ஃபெயில். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கேதான் புத்தகப் பைத்தியம் பிடித்தது. புத்தகக் கடைகளில் வேலை செய்த பையன்களைச் சிநேகம் பிடித்து, சாயந்திரம் ஒரு புத்தகம் வாங்கி வருவார். ராத்திரி கண் விழித்துப் படித்து, காலையில் கடை திறக்கும்போது அழுக்குப் படாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். 16 வயதில் இறைச்சி சாப்பிடுவதை நிறுத்தினார். சாப்பாட்டுக்காக அண்ணன் கொடுத்த காசில் பாதியை மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினார். ஃபெயிலான கணக்கையும் அப்போது தானாகவே படித்து முடித்தார். (டியூஷன் கிடையாது!)

அண்ணனோடு ஒத்துவராமல் 1723-ல் பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார். 1727-ல் அங்கே ஜுண்டோ என்ற குழுவைத் தொடங்கினார். கண்ணாடி பொருத்துபவர், தச்சர், நிலம் அளப்பவர் என்று பெரும்பாலும் உழைப்பாளிகள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கூடிப் பேசுவார்கள். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருத்தரும் கட்டுரை எழுதி வாசிக்கணும். நான் சொல்றதுதான் சரின்னு அடிச்சுப் பேசினா அபராதம்! நம்ம பட்டிமன்றத்துக்கு இந்த விதி வந்தா பாதிப் பேர் பாக்கெட் காலி.

விவாதத்துக்குப் புத்தகம் வேணுமே? எல்லாரும் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து ஒரே அறையில் வைத்தார்கள். எதிர்பார்த்த அளவு சேரவில்லை. சேர்ந்ததையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒரு வருஷத்தில் அவரவர் புத்தகத்தை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். நம்ம வாசகர் வட்டத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தவங்களுக்கு இது புரியும்.

ஃபிராங்க்ளின் விடவில்லை. 1731-ல் 50 பேரைப் பிடித்தார். சேரும்போது ஆளுக்கு 40 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு 10 ஷில்லிங். அந்தப் பணத்தில் லண்டனிலிருந்து கப்பலில் புத்தகங்கள் வந்தன, பொறுப்புக்கு ஒரு நூலகரும் வந்தார். அந்த நூலகம் பிலடெல்பியாவில் இன்றும் நடக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். அந்த நூலகத்துக்கு லண்டனில் புத்தகம் வாங்கி அனுப்பியவர் பீட்டர் காலின்சன். 1740-களில் அவர் மின்சாரச் சோதனை செய்கிற ஒரு கண்ணாடிக் குழாயையும் சேர்த்து அனுப்பிவைத்தார். அதை வைத்துத்தான் ஃபிராங்க்ளின் மின்சார ஆராய்ச்சியில் இறங்கினார். 1752-ல் விட்ட பட்டத்தின் நூல் இந்த நூலகத்திலிருந்துதான் புறப்பட்டது!

வயசான காலத்தில் ஒரு ஊர்க்காரர்கள் அவர் பெயரையே தங்கள் ஊருக்கு வைத்துவிட்டு, தேவாலயத்துக்கு ஒரு மணி கேட்டார்கள். அவர் அனுப்பியதோ 116 புத்தகங்கள். அதை யார் யார் எடுத்துப் படிக்கலாம் என்று ஊரில் ஒரே வாக்குவாதம். அவர் இறந்த 1790-ஆம் ஆண்டில்தான் ஊர்க்கூட்டம் போட்டு, ஊரில் இருக்கிற எல்லாரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.