கோப்பையை வென்று தந்தவர்களையே கைமாற்றிய மனிதர்: யார் இந்த பஞ்ச் இம்லாக்?

1964, பிப்ரவரி 22. கனடாவின் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணி ஒரே நாளில் ஐந்து வீரர்களை நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இரண்டே இரண்டு பேரை வாங்கியது. கொடுத்த ஐந்து பேரில் ஒருவர் டிக் டஃப். இரண்டே வருடங்களுக்கு முன்பு, டொரண்டோவுக்கு ஸ்டான்லி கோப்பையை வென்று தந்த கோலை அடித்தவர் அவர்தான்.

சீசன் முடிய இன்னும் சில வாரங்களே பாக்கி. இந்த நேரத்தில் இப்படி ஒரு சூதாட்டம் தேவையா என்று ரசிகர்கள் குழம்பினார்கள். ஆனால் முடிவெடுத்த மனிதருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அவர் பெயர் பஞ்ச் இம்லாக். அணியின் பயிற்சியாளரும் அவர்தான், பொது மேலாளரும் அவர்தான்.

ஒவ்வொரு ஆண்டும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் 'ட்ரேட் டெட்லைன்' நெருங்கும்போதெல்லாம் இவர் கதை நினைவுக்கு வரும். ஏன்?

ட்ரேட் டெட்லைன்னா என்ன?

நம்ம ஊர் புல்தரை ஹாக்கி வேற, இது வேற. பனித்தளத்தில், காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு விளையாடும் ஐஸ் ஹாக்கியில் உலகின் முதன்மையான தொடர் என்ஹெச்எல். அங்கே லீக் சுற்று முடிந்ததும் பிளேஆஃப் தொடங்கும். அதில் கடைசி வரை தாக்குப்பிடிக்கும் அணிக்கு ஸ்டான்லி கோப்பை.

ஐபிஎல் ஏலம் சீசனுக்கு முன்பே முடிந்துவிடும். என்ஹெச்எல்லில் சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. அதுதான் ட்ரேட் டெட்லைன். இப்போதெல்லாம் பெரும்பாலும் மார்ச் மாதத் தொடக்கத்தில் வரும். அதைத் தாண்டி வாங்கும் வீரரை அந்த வருட பிளேஆஃபில் இறக்க முடியாது.

அதனால்தான் கோப்பைக் கனவில் இருக்கும் அணிகள் இளம் வீரர்களைக் கொடுத்து, அனுபவசாலிகளை வாங்கும். எதிர்காலத்தை அடகு வைத்து இந்த வருடத்தை வாங்குவது மாதிரி. பலித்தால் கோப்பை, பலிக்காவிட்டால் பல வருடத்துக்கு வலி.

வங்கி வேலையிலிருந்து பனித்தளத்துக்கு

ஜார்ஜ் இம்லாக் 1918 மார்ச் 15 அன்று டொரண்டோவில் பிறந்தவர். இளம் வயதில் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ஹாக்கி ஆடினார். ஒரு ஆட்டத்தில் அடிபட்டு மயங்கி விழுந்தவர், தெளிந்ததும் கண்ணில் பட்டவர்கள் மேல் கையை வீசினாராம். அதிலிருந்து 'பஞ்ச்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். கடைசி வரை அந்தப் பெயர் போகவே இல்லை.

என்ஹெச்எல்லில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. கியூபெக் ஏசஸ் என்ற அணியில் வீரராகச் சேர்ந்து, பயிற்சியாளராகி, மேலாளராகி, கடைசியில் பங்குதாரராகவும் ஆனார். பின்னாளில் மாண்ட்ரியல் அணியின் பெரும் நட்சத்திரமான ஜான் பெலிவோ அங்கே இவரிடம்தான் ஆடினார்.

1958-ல் டொரண்டோ அணி நிர்வாகத்தில் சேர்ந்தார் இம்லாக். அதே நவம்பரில் பொது மேலாளர் பதவி கைக்கு வந்தது. வந்த வேகத்தில் பயிற்சியாளர் பில்லி ரே-யை நீக்கிவிட்டு, அந்த வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். அப்போது என்ஹெச்எல்லில் மொத்தமே ஆறு அணிகள், நான்குக்குத்தான் பிளேஆஃப் வாய்ப்பு. கதை முடிந்தது என்று எல்லோரும் கைகழுவிய டொரண்டோ, சீசனின் கடைசி நாளில் ரேஞ்சர்ஸ் அணியை ஒரே ஒரு புள்ளியில் முந்தி உள்ளே நுழைந்தது. இறுதிச்சுற்று வரை போய் மாண்ட்ரியலிடம் தோற்றது.

முதல் சூதாட்டம்: யாரும் யோசிக்காத ரெட் கெல்லி

1960 பிப்ரவரி. டெட்ராய்ட் அணி தன் நட்சத்திர தடுப்பாட்டக்காரர் ரெட் கெல்லியை நியூயார்க்குக்குத் தர ஒப்பந்தம் போட்டது. கெல்லி போக மறுத்துவிட்டார். ஆட்டத்தையே விட்டுவிடவும் தயாராக இருந்தார். அந்த ட்ரேட் ரத்தானது. சில நாட்களிலேயே உள்ளே புகுந்த இம்லாக், மார்க் ரியூம் என்ற ஒரே ஒரு வீரரைக் கொடுத்து கெல்லியைத் தூக்கினார்.

32 வயது ஆள், சிறந்த காலம் போய்விட்டது என்பதுதான் டெட்ராய்ட்டின் கணக்கு. இம்லாக்கின் கணக்கு வேறு. கெல்லியைத் தடுப்பாட்டத்திலிருந்து எடுத்து நடுவில், சென்டர் இடத்தில் ஆடவைத்தார். பெலிவோ மாதிரி ஒரு சென்டரை எதிர்கொள்ள எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பது, பெலிவோவை அருகிலிருந்து பார்த்த இம்லாக்குக்குத் தெரியாதா என்ன? டெட்ராய்ட்டில் ஏற்கெனவே நான்கு கோப்பைகள் வென்றிருந்த கெல்லி, டொரண்டோவில் இன்னும் நான்கு வென்றார். இடையில் கனடா நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்துகொண்டே ஆடினார்!

1962-ல் டொரண்டோவுக்கு 11 வருடக் காத்திருப்புக்குப் பிறகு கோப்பை கிடைத்தது. சிகாகோவில் நடந்த கடைசி ஆட்டத்தில் சமன் செய்த கோலை அடித்தவர் பாப் நெவின், வெற்றி கோலை அடித்தவர் டிக் டஃப். 1963-ல் மறுபடியும் கோப்பை. அந்த முறை வெற்றி கோல் எடி ஷாக்குடையது.

1964: ஐந்துக்கு இரண்டு

மூன்றாவது வருடம் வண்டி தடுமாறியது. ஜனவரியில் சொந்த மைதானத்திலேயே பாஸ்டனிடம் 11-0 என்று தோற்றது டொரண்டோ. நடப்பு சாம்பியனுக்கு இதைவிட அவமானம் வேறென்ன?

ஒரு மாதம் கழித்துத்தான் அந்த பிப்ரவரி 22 ட்ரேட். டஃப், நெவின் ஆகிய இரண்டு 1962 நாயகர்களோடு ராட் சீலிங், ஆர்னி பிரவுன், பில் காலின்ஸ் என்று மூன்று இளைஞர்களையும் சேர்த்துக் கொடுத்தார் இம்லாக். பதிலுக்கு வந்தவர்கள் ரேஞ்சர்ஸ் கேப்டன் ஆண்டி பாத்கேட், டான் மெக்கென்னி. பாத்கேட் சாதாரண ஆள் இல்லை. 1959-ல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதை வாங்கியவர். கோல்கீப்பர் ஜாக் பிளாண்ட் முகத்தில் பந்துக்குப் பதிலாக ஆடப்படும் 'பக்' பட்டு ரத்தம் கொட்டி, அவர் முகமூடி போட்டு ஆட ஆரம்பித்தாரே, அந்த ஷாட் இவர் அடித்ததுதான்.

லீக் சுற்றில் மூன்றாவது இடம் பிடித்த டொரண்டோ, அரையிறுதியில் மாண்ட்ரியலை ஏழாவது ஆட்டத்தில் தாண்டியது. இறுதிச்சுற்றில் டெட்ராய்ட். ஆறாவது ஆட்டத்தில் தோற்றால் எல்லாம் போச்சு என்ற நிலையில், காலில் எலும்பு முறிந்த பாபி பான் கூடுதல் நேரத்தில் கோல் அடித்துக் காப்பாற்றினார். ஏழாவது ஆட்டத்தில் முதல் கோல் பாத்கேட்டுடையது. ஆட்டம் 4-0 என முடிந்ததால் அதுவே கோப்பையை வென்ற கோலாகவும் பதிவானது.

தொடர்ந்து மூன்றாவது கோப்பை. சூதாட்டம் பலித்துவிட்டது!

சரி, யார் ஜெயிச்சா?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. டெட்லைன் ட்ரேடின் கணக்கு அந்த வருடக் கோப்பையோடு முடிவதில்லை.

நெவின் அடுத்த வருடமே ரேஞ்சர்ஸ் கேப்டனாகி, 1971 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சீலிங்கும் பிரவுனும் பல வருடங்கள் அங்கே தடுப்பாட்டத்தைத் தாங்கினார்கள். பிளேஆஃப் பக்கமே வராமல் கிடந்த ரேஞ்சர்ஸ், 1967 முதல் ஒவ்வொரு வருடமும் வர ஆரம்பித்தது.

டிக் டஃப் சில மாதங்களில் நியூயார்க்கிலிருந்து மாண்ட்ரியலுக்குப் போனார். அங்கே நான்கு கோப்பைகள் வென்றார். இந்தப் பக்கம், பாத்கேட்டுக்கும் இம்லாக்குக்கும் ஒத்துப்போகவில்லை. 1965-லேயே பாத்கேட்டை டெட்ராய்ட்டுக்கு அனுப்பிவிட்டார் இம்லாக். அதில் வந்த மார்செல் புரோனோவோ என்ற அனுபவசாலி, அடுத்த கோப்பைக்கு உதவினார்.

அந்தக் கோப்பை வந்தது 1967-ல். சீசன் நடுவில் தொடர்ந்து பத்து ஆட்டங்கள் தோற்று, இம்லாக்கே உடல் தளர்ந்து மருத்துவமனையில் படுத்தார். ஆனாலும் தன் வயதான வீரர்களைக் கைவிடவில்லை. கோல்கீப்பர்கள் ஜானி போவருக்கு 42, டெர்ரி சாவ்சக்குக்கு 37. அந்தக் 'கிழட்டு அணி' முதலில் சிகாகோவை, பிறகு மாண்ட்ரியலை வீழ்த்தியது. மே 2 அன்று நடந்த கடைசி ஆட்டத்தில் மாண்ட்ரியலுக்காக ஒரே ஒரு கோல் விழுந்தது. அடித்தவர் யார் தெரியுமா? டிக் டஃப்!

டொரண்டோ 3-1 என்று ஜெயித்தது. வெற்றி கோல் ஜிம் பாப்பினுடையது.

ஆட்டத்துக்கா, கோபத்துக்கா?

இம்லாக் வென்ற நான்கு கோப்பைகளின் வெற்றி கோல்களை அடித்தவர்கள் டஃப், ஷாக், பாத்கேட், பாப்பின். நான்கு பேரையும் அவரே வேறு அணிகளுக்கு அனுப்பினார். கடைசியாக பாப்பின் போனது 1968-ல், கோப்பை வென்ற அடுத்த வருடமே.

அதே 1968 மார்ச்சில்தான் அவருடைய மிகப் பெரிய ட்ரேடும் நடந்தது. அணியின் மிகப் பெரிய கோல் இயந்திரம் ஃபிராங்க் மஹோவ்லிச். இம்லாக்கின் கடுமையான பயிற்சியும் ஓயாத விமர்சனமும் அவரைப் பல வருடங்களாக வாட்டின. மன அழுத்தத்துக்கு மருத்துவமனையில் சிகிச்சை எடுக்கும் அளவுக்கு நிலைமை போனது. அவரோடு இன்னும் சிலரைச் சேர்த்து டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து நார்ம் உல்மன், பால் ஹெண்டர்சன், ஃபிளாய்ட் ஸ்மித் ஆகியோரை வாங்கினார்.

வந்தவர்கள் மோசமில்லை. ஹெண்டர்சன் 1972-ல் சோவியத் அணிக்கு எதிராகக் கனடாவே கொண்டாடிய கோலை அடித்தவர். ஆனால் அந்த வருடம் நடப்பு சாம்பியன் டொரண்டோ பிளேஆஃபுக்கே போகவில்லை. இம்லாக்கின் நிழலிலிருந்து வெளியே வந்த மஹோவ்லிச் அடுத்த சீசனில் 49 கோல்கள் போட்டார். பின்னர் மாண்ட்ரியலுடன் இரண்டு கோப்பைகளும் வென்றார்.

1969 பிளேஆஃபில் பாஸ்டனிடம் நான்குக்கு நான்கும் தோற்றது டொரண்டோ. கடைசி ஆட்டம் முடிந்த கையோடு இம்லாக்கை வேலையை விட்டு நீக்கினார் அணித் தலைவர் ஸ்டாஃபோர்ட் ஸ்மைத்.

பஃபலோவில் நிஜமாகவே சுற்றிய சக்கரம்

1970-ல் புதிதாக உருவான பஃபலோ சேபர்ஸ் அணி அவரை அழைத்தது. முதல் இளம் வீரரைத் தேர்வு செய்யும் உரிமை பஃபலோவுக்கா, வான்கூவருக்கா என்பதை ஒரு ரூலெட் சக்கரம் முடிவு செய்தது. சக்கரம் 11-ல் நின்றது. முதலில் அதை 1 என்று தவறாகப் படித்து வான்கூவர் தரப்பு கொண்டாடியேவிட்டது! இப்படிக் கிடைத்தவர்தான் ஜில்பெர்ட் பெரோ. அவர் வாழ்நாள் முழுக்க அணிந்த எண்ணும் 11.

1972 ஜனவரியில் இம்லாக்குக்கு மாரடைப்பு. ஆனாலும் அந்த மார்ச்சில் பழைய சிஷ்யர் எடி ஷாக்கைக் கொடுத்து பிட்ஸ்பர்க்கிலிருந்து ரெனே ரொபேரை வாங்கினார். பெரோ, ரிக் மார்ட்டின், ரொபேர் மூவரும் சேர்ந்து 'பிரெஞ்ச் கனெக்‌ஷன்' என்ற புகழ்பெற்ற கூட்டணி ஆனார்கள். தொடங்கி ஐந்தே வருடத்தில், 1975-ல், பஃபலோ ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றுக்குப் போனது. பிலடெல்பியாவிடம் தோற்றாலும், அணியின் எதிர்காலத்தையே மாற்றிய ட்ரேட் அது.

கடைசி அத்தியாயம்

1979-ல் டொரண்டோ மறுபடியும் கூப்பிட்டது. ஆனால் காலம் மாறியிருந்தது. வீரர்களுக்குச் சங்கம் வந்துவிட்டது. கேப்டன் டாரில் சிட்லரின் ஒப்பந்தத்தில் அவரை ட்ரேட் செய்ய முடியாது என்ற ஷரத்து இருந்தது. தன் சொல்லே கடைசிச் சொல்லாக இருந்து பழகிய இம்லாக்குக்கு இது பிடிக்கவில்லை.

சிட்லரைத் தொட முடியாததால் அவருடைய நெருங்கிய நண்பர் மேல் கைவைத்தார். 1979 டிசம்பர் கடைசியில், ரசிகர்களின் செல்லப்பிள்ளை லானி மெக்டொனால்டைக் கொலராடோவுக்கு அனுப்பினார். ரசிகர்கள் மைதானத்தின் முன் போராட்டம் நடத்தினார்கள். சிட்லர் தன் சட்டையிலிருந்த கேப்டன் அடையாளமான 'சி' எழுத்தைப் பிய்த்துப் போட்டார். அந்த வருட பிளேஆஃபில் முதல் சுற்றிலேயே, மின்னசோட்டாவிடம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் வெளியேறியது டொரண்டோ.

அடுத்தடுத்து மாரடைப்புகள். 1981-ல் பதவியும் போனது. 1984-ல் ஹாக்கி புகழ் மன்றத்தில் இடம் கிடைத்தது. 1987 டிசம்பர் 1 அன்று, 69 வயதில் காலமானார்.

மெக்டொனால்ட் 1989-ல் கால்கரி அணியோடு ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். கோப்பை உறுதியான ஆட்டத்தில் ஒரு கோலும் அடித்தார். அதைப் பார்க்க இம்லாக் உயிரோடு இல்லை.

அவர் கதை சொல்லும் பாடம் என்ன?

கெல்லி, பாத்கேட், ரொபேர் ஆகியோரை வாங்கியபோது இம்லாக் யோசித்தது ஒன்றைத்தான்: இந்த ஆள் எனக்கு எங்கே பயன்படுவார்? அந்தச் சூதாட்டங்கள் பலித்தன. மஹோவ்லிச், மெக்டொனால்ட் விஷயத்தில் ஆட்டத்தோடு அதிகாரமும் கலந்துவிட்டது. அதற்கான விலையை அணி கொடுத்தது. அவரைவிட அதிகமாக அந்த வீரர்கள் கொடுத்தார்கள்.

1967-க்குப் பிறகு டொரண்டோ இன்று வரை ஸ்டான்லி கோப்பையை வெல்லவில்லை. ஒவ்வொரு டெட்லைனுக்கும், இந்த முறை யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்று அந்த ஊர் இன்னமும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.