பண்டிதை இரமாபாய்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடமொழிப் புலமை ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்டது. பெண் எழுத்தறிந்தால் குடி கெடும் என்பது பலரது துணிபு. அத்துணிபு எங்ஙனம் தோன்றியதென வினவியவர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் பண்டிதை இரமாபாய் அம்மையார்.

இவர் 1858ஆம் ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிற் பிறந்தார். தந்தையார் அனந்த சாத்திரி, தம் மனைவிக்கு வடமொழி கற்பித்தமைக்காகப் பண்டிதர் அவைமுன் விடைகூற நேர்ந்தவர். கல்வி கொடுத்தலும் குற்றமான காலம் அது! உற்றார் எதிர்ப்புக்கு ஒதுங்கியே அவர் காட்டில் குடில் அமைத்தார். அங்கே விடியற்காலையில் தாயாரே மகளுக்கு ஆசிரியராய் அமைந்தார். மகளும் பல்லாயிரம் சுலோகங்களை நெஞ்சிற் பதித்துக்கொண்டார்.

பின்னர் வந்த பெரும் பஞ்சத்தில் பெற்றோரும் தமக்கையும் மாண்டனர். தமையனாருடன் கால்நடையாக நாடெங்கும் திரிந்த இரமாபாய், 1878இல் கல்கத்தாவை அடைந்தார். ஆங்குள்ள பண்டிதர்கள் அவர் புலமையை ஆராய்ந்து, பண்டிதை, சரசுவதி என்னும் பட்டங்களை வழங்கினர். பெண்ணின் கடமைகளைப் பற்றி மாதரிடையே சொற்பொழிவாற்றுமாறும் வேண்டினர். அதன்பொருட்டு அறநூல்களை ஆராய்ந்த அம்மையார் திடுக்குற்றார். ஏனைய பொருள்களில் ஒன்றோடொன்று மாறுபடும் அந்நூல்கள், பெண் இயல்பிலேயே இழிந்தவள், கணவனையன்றி அவளுக்குக் கதியில்லை என்பதில் மட்டும் ஒத்து நிற்கக் கண்டார். எழுதியவர் ஆடவர், உரை கூறியவரும் ஆடவர். தாம் விதித்த தாழ்வையே பெண்ணின் பிறவிக் குணம் என்றனர். சுலோகம் ஒப்பித்தபோது போற்றிய உலகம், அவர் ஐயம் எழுப்பியபோது முகஞ்சுளித்தது.

1880இல் மணந்த கணவர் பிபின் பிகாரி இரண்டாண்டிற்குள் காலமானார். கைம்மைத் துயர் அவருக்கு ஏட்டறிவாக அன்றி வாழ்வாகவே வந்தது. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின்முன் பூனாவில் சான்று கூறியபோது, கற்ற ஆடவருள் மிகப் பெரும்பாலோர் பெண்கல்விக்குப் பகைவர் எனவும், பெண்ணிடம் கடுகளவு குறை காணினும் அதனை மலையாக்குவர் எனவும் அஞ்சாது உரைத்தார். ஆண் மருத்துவரிடம் நோயைச் சொல்ல நாணிப் பெண்கள் மடிவதை எடுத்துக்காட்டி, மகளிர்க்கு மருத்துவக் கல்வி வேண்டுமென்றார்.

1883இல் இங்கிலாந்தில் அவர் கிறித்தவ நெறியைத் தழுவவே, முன்பு புகழ்ந்தோர் பலர் பகைத்தனர். அவர் தளரவில்லை. 1889இல் பம்பாயில் கைம்பெண்களுக்கெனச் சாரதா சதனம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். தலை மழிக்கப்பெற்று, அமங்கலம் என மூலையில் ஒதுக்கப்பட்ட இளம்பெண்கள் அங்கே பலகையும் பலப்பமும் ஏந்தினர். அங்குப் பயின்ற கோதுபாய் என்பார் 1893இல் தோண்டோ கேசவ கார்வேயை மறுமணம் புரிந்தார். 1916இல் மகளிர் பல்கலைக்கழகம் நிறுவியவர் அக் கார்வேயே. அச்செய்தியைக் கேட்கும் வரை வாழ்ந்திருந்த அம்மையார், 1922இல் மறைந்தார்.