கணித மேதை அல் குவாரிஸ்மி

நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடுகளைப் பயில்கின்றனர். சூத்திரத்தை மனனம் செய்து விடையெழுதும் அவர்களுள் பலர், அது எவ்வாறு பிறந்தது என்பதை அறியார். பொருள் விளங்காமையால் கணிதத்தையே அஞ்சி ஒதுங்குவோரும் உளர். அக்கணக்கின் உட்பொருளைப் படம் வரைந்து விளக்கிய பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மி ஏறத்தாழ கி.பி. 780-இல் பிறந்தவர். அவருடைய பெயரின் இறுதிப்பகுதி, அரல் கடலுக்குத் தெற்கே அமைந்த குவாரிஸ்ம் நிலப்பகுதியைச் சுட்டுவதாகும். கி.பி. 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்த அப்பாசியக் கலீஃபா மஃமூன் காலத்தில், பக்தாத் நகரின் பைத்துல் ஹிக்மா என்னும் அறிவு இல்லத்தில் அவர் பணியாற்றினார். வானியல் அட்டவணைகளையும், ஊர்களின் அட்சரேகை தீர்க்கரேகைகளைத் தொகுத்த நூலையும், இந்திய எண்முறையை விளக்கும் நூலையும் அவர் இயற்றினார்.

கலீஃபாவின் ஊக்கத்தால் அவர் எழுதிய அல் ஜப்ர் வல் முகாபலா பற்றிய நூலே அவருக்கு அழியாப் புகழைத் தந்தது. வாரிசுரிமைப் பங்கீடு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதே அந்நூலின் நோக்கம். அதன் ஏறத்தாழ பாதி வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது என்பது நாம் கருதத்தக்கது.

அவர் காட்டிய கணக்கொன்றைப் பார்ப்போம். ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அதன் பத்து மடங்கைக் கூட்டினால் 39 கிடைக்கிறது, அவ்வெண் யாது? அவ்வெண்ணைப் பக்கமாகக் கொண்ட சதுரம் ஒன்றை வரைக. பத்தில் பாதியான 5-ஐ அகலமாகக் கொண்ட இரு செவ்வகங்களை, அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டுக. இப்போது மொத்தப் பரப்பு 39. மூலையில் மட்டும் ஐந்துக்கு ஐந்து அளவில் ஓர் இடம் காலியாக இருக்கும். அந்த 25-ஐயும் சேர்த்தால் 64 பரப்புள்ள முழுச்சதுரம் உருவாகும். அதன் பக்கம் 8. அதிலிருந்து 5-ஐக் கழித்தால் விடை 3. நம் பாடநூல்கள் வர்க்கப் பூர்த்தி முறை என்று அழைப்பது இதுவே.

இத்தகைய கணக்குகளைப் பாபிலோனியர் அவருக்கு முன்பே அறிந்திருந்தனர், கி.பி. 628-இல் இந்திய அறிஞர் பிரம்மகுப்தரும் வழி கூறியுள்ளார். எனினும், சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து முறைப்படுத்தி, வழி சரியானது ஏன் என்பதையும் நிறுவியது அல் குவாரிஸ்மியின் தனிச்சிறப்பு. குறியீடுகள் ஏதுமின்றி, அனைத்தையும் சொற்களாலேயே அவர் எழுதினார்.

2019-இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் போ ஷென் லோ, சூத்திரமின்றி விடை காணும் எளிய வழியொன்றைப் பரப்பினார். மேற்கண்ட கணக்கில் இரு விடைகளின் கூட்டுத்தொகை −10, பெருக்கற்பலன் −39. எனவே இரண்டும் −5-லிருந்து சம தொலைவில் இருக்கும். 25-உடன் 39-ஐக் கூட்டினால் 64; ஆகவே அத்தொலைவு 8. விடைகள் 3, −13. குறை எண்களை விடையாக ஏற்காத அல் குவாரிஸ்மி 3-ஐ மட்டுமே கூறினார். ஆயினும், பாதியாக்கி வர்க்கத்தைச் சேர்க்கும் அதே கருத்து இங்கும் உயிராக நிற்பதைக் காண்கிறோம்.

அவர் ஏறத்தாழ கி.பி. 850-இல் மறைந்தார். 1145-இல் செஸ்டர் நகர ராபர்ட் அந்நூலை இலத்தீனில் பெயர்த்தார். அல் ஜப்ர் என்ற சொல்லே அல்ஜீப்ரா ஆயிற்று. அவருடைய பெயரே கணினித் துறையில் வழங்கும் அல்காரிதம் என்னும் சொல்லாயிற்று.

பெற்றோர்களே! இன்றிரவு உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி, ஒரு தாளில் அச்சதுரத்தை வரையச் செய்யுங்கள். விளங்கிக் கற்ற கல்வியே நிலைக்கும். பயனுள்ள கல்வியை நம் மக்களுக்கு வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.