விமானப்படைத் தலைவர் சுப்ரதோ முகர்ஜி

பறவையைப்போல் வானத்தில் உலாவ வேண்டுமென்னும் அவா மானிடர்க்குப் புதியதன்று. ஆயினும், இந்தியப் படைக்குரிய விமானத்தை இந்தியரே செலுத்தி, இந்தியரே பழுதுபார்த்துப் பறக்கவிடும் காட்சி 1933-ம் ஆண்டிற்கு முன் நம் நாட்டில் காணக் கிடைக்கவில்லை. இயந்திரங்களைக் கையாளும் ஆற்றல் நம்மவர்க்கு உண்டா என்று ஆட்சியாளருட் பலர் ஐயுற்றிருந்த காலம் அது. அவ்வையத்தைத் தம் வாழ்நாளால் அகற்றியவருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் சுப்ரதோ முகர்ஜி ஆவர்.

இவர் 1911-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 5-ம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் சதீஷ் சந்திர முகர்ஜி, இந்திய சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தர். தாயார் சாருலதா, கல்கத்தா பிரசிடென்ஸி கலாசாலையின் முதல் இந்தியத் தலைவராக விளங்கிய பிரசன்ன குமார் ராயின் புதல்வியார். கல்வியிற் சிறந்த இக்குடியிற் பிறந்த இளைஞர், பிறர் நாடும் உத்தியோகங்களை நாடாமல், இங்கிலாந்திலுள்ள கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியிற் பயிலத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தியர் சிலருள் ஒருவரானார்.

1932-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 8-ம் நாள் இந்திய விமானப்படை சட்டப்படி நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நாள் கராச்சியை அடுத்த டிரிக் ரோடு என்னுமிடத்தில் அதன் முதலாம் அணிக்கு அடிகோலப்பட்டது. அவ்வணிக்கு அன்றிருந்த உடைமை வாபிட்டி என்னும் பழைய இரட்டைச் சிறகு விமானங்கள் நான்கே. விமானமோட்டுவோர் ஐவர், அவருள் முகர்ஜியும் ஒருவர். விமானங்களைப் பேணிய தொழிலாளர் ஹவாய் சிப்பாய்கள் என்றழைக்கப்பட்டனர். வெகு விரைவிலேயே அவ்வைவருள் இருவர் விமான விபத்தில் மாண்டனர். தொடக்கத்திலேயே நேர்ந்த இவ்விழப்பு, அணியைப் பற்றிய ஐயத்தைப் பின்னும் வளர்ப்பதாயிற்று. எனினும் எஞ்சியோர் தளர்ந்திலர். 1936-ல் இரண்டாம் பிரிவும், 1938-ல் மூன்றாம் பிரிவும் சேர்ந்து அணி நிறைவெய்தியது.

இவ்விடத்தில் ஹவாய் சிப்பாய்களின் பெருமையை நாம் மறத்தலாகாது. நம் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுத் தோல் பதனிடுஞ் சாலைகளைக் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சுண்ணாம்பில் ஊறவைப்போர், ஊன் களைவோர், முன்னாளில் ஆவாரம்பட்டை நீரிலிட்டுப் புரட்டியோர், மெருகிடுவோர் ஆகிய பலருள் ஒருவர் தவறினும் தோல் கெடும். மேலைநாட்டுக் கடையில் அதனை வாங்குவோன் அவர் பெயரை அறியான். விமானமும் அத்தகையதே. இறுக்கப்படாத ஓர் ஆணி, மேலே செல்வோன் உயிரைக் கவரும். பறந்தவர் ஐவர் பெயரை நாடு அறிந்தது. அவர் உயிரைத் தம் கையில் வைத்திருந்தவரோ கீழே நின்ற தொழிலாளர்.

1937-ல் இவ்வணியின் ஒரு பகுதி வடமேற்கெல்லையிலுள்ள மீரான்ஷாவிலிருந்து முதன்முதற் போர்த்தொழிலில் ஈடுபட்டது. அந்நிய ஆட்சியின் ஆணைப்படி எல்லைப்புறக் குடிகளின்மேற் செல்லுதல், சுதந்தர வேட்கை மிகுந்திருந்த அந்நாளில் இந்தியர் உள்ளத்திற்கு உவப்பாயிருந்திராது. ஆயினும் பிற்காலத்தில் சுதந்தர நாட்டைக் காத்த கலையை அவர்கள் பயின்ற பள்ளி அதுவேயாயிற்று.

1939-ம் ஆண்டில் முகர்ஜி அவ்வணியின் தலைமையை ஏற்றார். விமான அணியொன்றிற்குத் தலைவரான முதல் இந்தியர் இவரே. மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எல்லைப்புறத்தில் நம் காவற்படையொன்று பகைவராற் சூழப்பட்டது. அடையாளம் காட்டும் கருவிகளை இழந்த வீரர், தம் சட்டைகளைக் கிழித்துத் துண்டுகளாகத் தரையில் விரித்து, குண்டுகள் தீர்ந்தமையை அறிவித்தனர். வானிலிருந்து அதனைக் கண்ட முகர்ஜியும் உடன் சென்ற ஹவாய் சிப்பாயும், தம் துப்பாக்கிக்குரிய குண்டுகளையே கழற்றிக் காலுறைகளில் நிரப்பி, மிகத் தாழப் பறந்து அவர்களிடையே போட்டனர். தம்மைக் காத்துக்கொள்ளும் கருவியைப் பிறரைக் காக்க ஈந்த இச்செயலே அவர் இயல்பைக் காட்டப் போதியது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943-ல், கோஹாட் விமானத்தளத்தின் தலைமை அவர்க்குக் கிட்டியது. அப்பதவியும் இந்தியர் எவரும் அதற்கு முன் பெறாதது. அந்த யுத்த காலத்தில் அந்நாளைய வடஆர்க்காடு ஜில்லாவைச் சார்ந்த அரக்கோணத்திலும் விமானத்தளம் அமைந்து, நம் மக்களும் படை விமானங்களை அண்மையிற் காணலாயினர்.

1947-ல் நாடு பிரிவுற்றபொழுது முதலாம் அணியின் உடைமைகள் பாகிஸ்தானுக்குச் சென்றன. தாம் வளர்த்த அணி கலைந்தமை முகர்ஜிக்கு நேர்ந்த பேரிழப்பு. ஆயினும் 1953-ல் அதே எண்ணுடன் அது மீண்டும் உயிர்பெற்றது. 1954-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நாள், அதாவது நான்கு விமானங்களுடன் அணி தோன்றிய நாளிலிருந்து சரியாக 21 ஆண்டுகள் நிறைவுற்ற அன்று, இந்திய விமானப்படை முழுமைக்கும் முதல் இந்தியத் தலைவராக அவர் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே விமானப் பயிற்சி ஆசிரியர்க்குரிய பள்ளி தாம்பரத்தில் அமைந்தது. அவர் தலைமையில் ஹண்டர், மிஸ்டேர், கான்பெரா முதலிய ஜெட் விமானங்கள் நம் படையிற் சேர்ந்தன.

1960-ம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ம் நாள் டோக்கியோ நகரில் நண்பரோடு உணவருந்துகையில், உணவு மூச்சுக்குழலை அடைத்தமையால் அவர் உயிர் நீத்தார். போர்முனையிலும் வானத்திலும் எத்தனையோ இடர்களைக் கடந்தவர்க்கு உணவு மேசையில் முடிவு நேர்ந்தது. அப்பொழுது அவர்க்கு வயது 49. பள்ளி மாணவர்க்காக அவர் எண்ணிய கால்பந்துப் போட்டி, சுப்ரதோ கோப்பை என்னும் பெயரால் இன்றும் நடைபெறுகின்றது.

மாணவ நண்பர்களே, நான்கு பழைய விமானங்களை ஏளனம் செய்தோர்க்கு முகர்ஜி சொற்களால் விடையிறுத்திலர். 21 ஆண்டு உழைப்பால் விடையிறுத்தார். நம் ஆய்வுக்கூடத்திலும், பட்டறையிலும், தோற்சாலையிலும் சிறியதெனத் தோன்றும் தொழிலொன்று நம் கைக்கு வருங்கால், அதனைப் பழுதறச் செய்து முடிப்போமாக.