பெயரை மீட்ட பெருந்தகை

ஹைதராபாத்தில், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட குடும்பமொன்றில் 1888-ஆம் ஆண்டு பிறந்தவர் பாக்ய ரெட்டி வர்மா. 1906-இல் ஒருமித்த உள்ளம் கொண்ட சிலருடன் அவர் ‘ஜகன் மித்ர மண்டலி’யைத் தொடங்கினார். ஹரிகதை வாயிலாகத் தம் மக்களிடம் அறிவொளி பரப்பினர். 1910 முதல் பள்ளிகள் திறந்தனர். இளம்பெண்களைத் தெய்வத்தின் பெயரால் ஜோகினிகளாக்கும் வழக்கத்தை எதிர்த்தனர்.

1917-இல் விஜயவாடாவில் கூடிய ‘பஞ்சமர்’ மாநாட்டுக்குத் தலைமையேற்ற அவர், அத்தகைய ஐந்தாம் வகுப்பு எந்தச் சாஸ்திரத்திலும் இல்லையென்று அப்பெயரையே மறுத்தார். அவர்கள் மண்ணின் ஆதிமக்கள் என்றார். மாநாட்டின் பெயர் மாறிற்று. நிஜாம் அரசின் 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அம்மக்கள் ‘ஆதி ஹிந்து’ எனப் பதிவாயினர்.

1939-இல் அவர் மறைந்தார். கால் நூற்றாண்டு தளராது நின்ற சிறு குழுவின் உறுதி, ஒரு சமூகத்திற்கே தன்மதிப்பை மீட்டளித்தது.